ஒரு பை நிறையத் தொட்டில்கள்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்தும் குழந்தை இல்லையென்றால் ஒருத்தியின் வயிறு ஊருக்குப் பொதுவாகிவிடுகிறது. அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். லிஃப்டில் பேசலாம், காய்கறிக்காரன் முன்னால் பேசலாம். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையின் ஓரத்தில் நான்காவது ஆளாகப் பாதி உடம்பை வைத்துக்கொண்டிருப்பவள்கூட, தன் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஒரு டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் இதைப் பரிதாபத்துக்காக எழுதவில்லை. யாராவது பரிதாபப்பட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் திலக் நகரில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஃபோர்ட் பக்கம் ஆபீஸ். அம்மா மாட்டுங்காவில், அப்பா போன பிறகு தனியாக, நான் பிறந்து வளர்ந்த அதே வீட்டில் இருக்கிறாள். செம்பூரில் ஒரு மருத்துவமனையில் நாங்கள் மூன்று முறை சிகிச்சை எடுத்துக்கொண்டோம். ஊசி, ஸ்கேன், காத்திருப்பு. கடைசியில் ஒரு போன் வரும். நர்ஸ் வணக்கம் சொல்லும் குரலிலேயே பதில் தெரிந்துவிடும். மூன்றாவது போன் வந்த அன்று ஹாலில் உட்கார்ந்து பேசினோம். போதும் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவரும் போதும் என்றார். இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் பசித்தது, இட்லி வார்த்துச் சாப்பிட்டோம்.

அன்றைக்கு எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். இனி இதற்காக யாரிடமும் கையேந்த மாட்டேன். டாக்டரிடமும் இல்லை, சாமியிடமும் இல்லை. சாமியோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன், மாட்டுங்கா கோயிலுக்குப் போகிறேன், பிரசாதத்தை ஒரு பருக்கை விடாமல் தின்கிறேன். கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அத்தனை வருடம் ஊசிக்கும் ஸ்லோகத்துக்கும் தலையை நீட்டியவளுக்கு அந்த ஒரு முடிவுதான் சொந்தமாக மிஞ்சியது. அதில் கைவைக்க யார் வந்தாலும் விடுவதாக இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது முழுவதும் கேட்டாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே போன் செய்து, கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயிலில் நெய் மந்திரித்துக் கொடுக்கிறார்களாம், கூரியரில்கூட வருமாம் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

பறவை பார்க்கும் பழக்கம் அதற்கப்புறம் வந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஹார்பர் லைனில் ஆபீஸ் போகும் வழியில்தான் சிவ்ரி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காமல் அங்கே இறங்கிக் கடலோரம்வரை நடந்தேன். சேற்றில் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. பின்னால் எண்ணெய்த் தொட்டிகள், புகை, துருப்பிடித்த கப்பல்கள். அவை எதையும் சட்டை செய்யாமல் தலையைக் கவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலம்வரை நின்றேன். அங்கே கூட்டமாக நின்று பார்த்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை. அதற்கே அடுத்த வாரமும் போனேன். என் கணவர் ஒரு பழைய பைனாகுலரை எங்கோ தேடிப் பிடித்து வாங்கி வந்தார். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

அப்படித்தான் கொங்கணத்துப் பாறைகளைப் பற்றித் தெரிந்தது. மால்வணுக்கும் தெற்கே, கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், நடுக்கடலில் சில பாறைகள். கோடையில் ஆலாக்கள் அங்கே வந்து முட்டையிடும். ஆலா என்று அழகான தமிழ்ப் பெயர் அந்தப் பறவைக்கு இருப்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மழை தொடங்கினால் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள் என்பதால் மே மாதமே போய்விட முடிவு செய்தோம். அந்த உற்சாகத்தில் அம்மாவிடமும் போனில் சொன்னேன். வருஷா வருஷம் தவறாமல் ஆயிரக்கணக்கில் வருகின்றன, கூடு கீடு எதுவும் கிடையாது, வெறும் பாறையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுத்தான் போகின்றன என்று. அம்மா வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள். அந்தப் பாறை எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தானும் வருகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் ஐம்பது வருடமாக இருந்தும், விருந்தாளி வந்தால் மட்டுமே மரைன் டிரைவ் போவாள். ஒருமுறை எலிஃபண்டா தீவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டு, திரும்பி வரும்வரை என் தோளை விடவில்லை. அப்படிப்பட்டவள் வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனியாக இருக்கிறாள், எங்களோடு நாலு நாள் இருக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகவும் இருந்தது.

கொங்கணம் போகும் ரயில் கிளம்பும் குர்லா டெர்மினஸ் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அம்மா முதல் நாளே வந்து புளியோதரையும் தயிர் சாதமும் கட்டினாள். அவளிடம் துணிமணிப் பெட்டியைத் தவிர ஒரு ஜவுளிக்கடைப் பையும் இருந்தது. அதை யாரையும் தொடவிடவில்லை. ரயிலில் நான் அதை சீட்டுக்கு அடியில் தள்ளப் போனபோது உள்ளே மரச்சாமான் போல ஏதோ கடகடத்தது. என்ன என்று கேட்டேன். ஸ்வாமி சாமான் என்றாள். அம்மா ஊருக்குப் போனால் தன் சாமிகளையும் கூட்டிக்கொண்டுதான் போவாள் என்பதால் நான் மேலே கேட்கவில்லை.

படகில் போக வேண்டிய அன்று காலையில் அவள் என்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். பிறகு தன் பெட்டியிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு புதுப் புடவையை எடுத்து நீட்டினாள். புடவை கட்டிக்கொண்டு மீன்பிடிப் படகில் ஏற முடியாது என்றேன். சரி, உன் இஷ்டம் என்றாள். என் அம்மா சரி என்று சொன்னால் வேறு ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, மனசு முழுக்க ஆலாக்கள்தான் இருந்தன.

படகுக்காரர் எங்கள் வயதுக்காரர். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் மூலம் முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். பாறையில் இறங்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டால் போதும், அங்கிருந்தே பைனாகுலரில் பார்த்துக்கொள்கிறோம் என்று என் கணவர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். காரணம் இருக்கிறது. மே மாத வெயிலில் அந்தப் பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கும். தாயும் தகப்பனும் மாறிமாறி முட்டையின் மேல் நின்று நிழல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் போய் இறங்கினால் அத்தனையும் எழும்பிவிடும். அரை மணி நேரம் அப்படி விட்டால் முட்டை வெந்துபோகும். இதை நான் ரயிலிலேயே அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன்.

அம்மா ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பையை மடியில் அணைத்தபடி, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நானும் அவரும் படகின் முன்பக்கம் இருந்தோம். நாங்கள் இருவரும் மறுபக்கம் பார்த்திருந்த நேரத்தில் அவள் படகுக்காரரிடம் தன் ஹிந்தியில் ஏதோ பேசியிருக்கிறாள். என் அம்மாவின் ஹிந்தியில் ஆண், பெண், ஒருமை, பன்மை எதுவும் கிடையாது. ஆனால் அவளுக்கு வேண்டியதை அதில் வாங்கிவிடுவாள்.

பாறை கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்தது. உப்பும் எச்சமும் மீனும் கலந்த காரமான வாடை. பிறகு சத்தம். ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் இடைவேளைக்கு விட்டதுபோல இருந்தது. அப்புறம்தான் பாறை தெரிந்தது. சின்னதாக இரண்டு, பெரியதாக ஒன்று. பெரியதன் நடுவே கடலே குடைந்த ஓட்டை ஒன்று, அதன் வழியே அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. அலை அதற்குள் போய் முட்டித் திரும்பும்போது அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு ஓசை. தண்ணீர் நனைக்கும் உயரம்வரை பாறை கன்னங்கறுப்பு. அதற்கு மேல் காய்ந்த பழுப்பு. உச்சியில் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. அந்த வெள்ளையில், ஒவ்வொரு விளிம்பிலும், ஒவ்வொரு படியிலும் ஆலாக்கள்.

படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். நான் பைனாகுலரை எடுத்தேன். மஞ்சள் அலகு. பின்னந்தலையில் கறுப்புக் கொண்டை, காலையில் தலை வாரிக்கொள்ள நேரமில்லாமல் ஓடி வந்தவர்களைப் போலச் சிலிர்த்து நின்றது. ஒன்றின் அலகு மற்றொன்றுக்கு எட்டாத அளவு இடைவெளி விட்டு நெருக்கியடித்து நின்றன. இடம் அவ்வளவுதான், அதற்குள் எல்லோரும் இருந்தாக வேண்டும். எனக்கு அந்த நெரிசல் புதிதில்லை. சிலவற்றின் காலடியில் முட்டை இருந்தது. சிலவற்றின் கீழே மணல் நிறத்தில் குஞ்சு. ஒரு ஆலா வெள்ளி மீனை வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து இறங்கி, அத்தனை கூச்சலிலும் தன் குஞ்சைத் தேடிப் பிடித்து ஊட்டியது. நான் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அப்போது அம்மா பையைத் திறந்தாள்.

உள்ளே இருந்து மரத்தொட்டில் ஒன்று வந்தது. கையகலத்துக்கு இருக்கும். கோயில் கடைகளில் தொங்குமே, மஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மரப்பொம்மை படுக்க வைத்து, அதேதான். மஞ்சள் தடவிய கயிறும் கட்டியிருந்தது. அதை என் மடியில் வைத்தாள்.

"நீ ஒண்ணும் பேசப்படாது, கேட்டியா? அவன் அந்தப் பக்கமா படகை ஒட்டித் தரேன்னிருக்கான். ஏறி, கல்லுலே ஒரு முடிச்சுப் போட்டுட்டு வந்துடு. அவ்வளவுதான்."

விவரத்தையும் அவளே சொன்னாள். நான் போனில் சொன்னதை அவள் தன் ஜோசியரிடம் சொல்லியிருக்கிறாள். ஜலத்துக்கு நடுவில், தென்மேற்கில், பட்சிகள் வருஷம் தவறாமல் வம்சவிருத்தி செய்கிற இடம் என்றால் அது சாதாரண ஸ்தலம் இல்லை, அங்கே தொட்டில் கட்டினால் பலிக்காமல் போகாது என்று அவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். மாட்டுங்கா பூக்கடைத் தெருவைத் தாண்டி அவர் கடலைப் பார்த்ததுண்டா என்று எனக்குச் சந்தேகம். நான் ஆசையாகச் சொன்ன ஒரு பறவைக் கதையை எடுத்துப் பரிகாரமாக்கிவிட்டார்கள்.

பையில் இன்னும் கடகடத்தது. வாங்கிப் பார்த்தேன். ஒன்றில்லை, ஏழெட்டுத் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் எழுதிய துண்டுக் காகிதம். செம்பூரில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு அம்மாவோடு உட்காரும் மாமிகள், தங்கள் பெண்களுக்கும் மருமகள்களுக்கும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தேரியில் ஒருத்தி, பெங்களூரில் ஒருத்தி, அமெரிக்காவில் இரண்டு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள்.

சிரிப்பு வந்தது, உடனே பற்றிக்கொண்டும் வந்தது. நம்மவர்களை எனக்குத் தெரியும். இந்த வருடம் எட்டுத் தொட்டில் தொங்கும். அதில் ஒருத்திக்குத் தற்செயலாகக் குழந்தை பிறக்கும். அடுத்த மே மாதம் மாட்டுங்காவிலிருந்து இரண்டு பஸ் கிளம்பும். அதற்கடுத்த வருடம் பாறைக்கு மஞ்சள் துணி கட்டுவார்கள், ஒரு மணி தொங்கும், தகரக் கொட்டகை வரும், ஸ்பீக்கர் வரும். ஒரே ஒரு ஆலா மிஞ்சாது. சந்தான பட்சி என்று பெயர் மட்டும் மிஞ்சும்.

முடியாது என்று தொட்டிலைப் பைக்குள் போட்டேன். அம்மா என் கணவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு முடிச்சுதானே? போட்டுட்டு வந்துடேன். அம்மாக்காக."

அந்த ஒரு வார்த்தையில் என் நெஞ்சின் நிறைவெல்லாம் வடிந்துவிட்டது. அம்மாக்காக, மாமியாருக்காக, பெரியவர்கள் மனசுக்காக. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஊசியும் யாரோ ஒருவருக்காகத்தான் ஏறியது. ஏறியது மட்டும் என் உடம்பில். என்னோடு ஹாலில் உட்கார்ந்து போதும் என்று சொன்ன மனிதர், வெயிலில் வியர்த்துக்கொண்டு, ஒரு முடிச்சுதானே என்கிறார்.

நாங்கள் இப்படி இருக்கும்போதே எஞ்சின் மறுபடி உறுமியது. அம்மாவிடம் ஒத்துக்கொண்டபடி படகுக்காரர் பாறையை நோக்கித் திருப்பிவிட்டார். அவருக்கு இதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை, கேட்டவர்களை இறக்கிவிடுவதுதான் அவர் பிழைப்பு. படகு நெருங்கியது. விளிம்பில் இருந்தவை முதலில் எழும்பின. அப்புறம் பாதிப் பாறையே எழும்பியது. தலைக்கு மேலே வெள்ளையாகச் சுழன்று கத்தின. கீழே முட்டைகள் வெயிலில் அப்படியே கிடந்தன. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

அந்தக் கூச்சலுக்கு மேலே, உயரத்தில், செம்பட்டை இறக்கையும் வெள்ளை மார்புமாக ஒரு கருடன் வந்தது. நிதானமாக ஒரு வட்டம் அடித்தது.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிட்டால் எப்படிக் கையெடுப்பாளோ அப்படி எடுத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "பாருடி, உத்தரவு ஆயிடுத்து" என்றாள்.

கருடன் இரண்டாவது வட்டத்தில் இறங்கியது. ஆள் இல்லாமல் கிடந்த ஒரு விளிம்பில் கால் ஊன்றாமல் உரசிவிட்டு மேலே போனது. போகும்போது அதன் நகங்களில் மணல் நிறத்தில் ஒரு குஞ்சு உதறிக்கொண்டிருந்தது. இரண்டு ஆலாக்கள் கத்திக்கொண்டே துரத்தின. எட்டவில்லை. கருடன் அடுத்த பாறையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியது.

அம்மாவின் கைகள் கூப்பியது கூப்பியபடி நின்றன.

நான் எழுந்து நின்றேன். படகு ஆடியது. படகுக்காரரிடம் ஹிந்தியில் பின்னால் எடுக்கச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அவளைப் பார்க்காதீர்கள், ஏறி முடிச்சுப் போட வேண்டியவள் நான், நான் ஏறப் போவதில்லை, இப்போதே பின்னால் எடுங்கள் என்று கத்தினேன். அத்தனை பறவைச் சத்தத்திலும் அது கேட்டது. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் படகைத் திருப்பினார்.

பிறகு அம்மா பக்கம் திரும்பினேன். கத்தவில்லை.

"அம்மா, நான் கேக்கறதை நிறுத்திட்டேன். எனக்காக நீ கேட்டாலும் அது நான் கேட்ட மாதிரிதான். இனிமே கேக்காதே. நான் குறைப்பட்டவ இல்லை."

அவள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நான் அவாகிட்டேல்லாம் போய் என்னடி சொல்வேன்?"

அப்போதுதான் எனக்கு அவளுடைய வெள்ளிக்கிழமைகள் தெரிந்தன. என்னிடம் லிஃப்டில் கேட்கிறார்கள் என்றால், அவளிடம் வாராவாரம், மங்களம் பாடி முடித்து, சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். பொண்ணுக்கு ஏதாவது விசேஷம் உண்டோ? பன்னிரண்டு வருடமாக அவள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்தது ஒரு டாக்டர், அடுத்தது ஒரு கோயில், அடுத்தது ஒரு நெய் என்று கையில் ஏதாவது ஒன்று இருந்தால்தான் அவளால் அங்கே போய் உட்கார முடிந்திருக்கிறது. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அதற்காகக்கூட நான் அந்தப் பாறையில் ஏறியிருக்க மாட்டேன். அவர்களிடம் நானே வந்து சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

படகு பழைய தூரத்துக்கு வந்ததும் ஆலாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றும் தன் முட்டை மேல் போய் நின்றது. அந்தப் பறவைகளெல்லாம் என் பிள்ளைகளாகத் தோன்றின என்று இந்த இடத்தில் எழுதினால் படிப்பவர்களுக்குப் பிடிக்கும். அப்படி எதுவும் தோன்றவில்லை. அவை பறவைகள், குஞ்சுகள் அவற்றுடையவை. நான் பார்க்கப் போனவள், பார்த்தேன். ஜோசியர் சொன்னதுபோல அங்கே எல்லாமே பெருகிக்கொண்டும் இருக்கவில்லை. முட்டையும் இல்லாமல் குஞ்சும் இல்லாமல் சும்மா வெயில் காய்ந்துகொண்டு நின்றவையும் நிறைய இருந்தன. பக்கத்தில் இருந்தவை அவற்றிடம் எதுவும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் நான் கதவருகே நின்றிருந்தபோது என் கணவர் வந்து, தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். ஆமாம், கூடாது என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதி வந்தது. அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு சுரங்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குர்லாவில் இறங்கியதும் டாக்ஸி பிடித்து நேரே மாட்டுங்கா போய்விட்டாள்.

வியாழக்கிழமை போன் வந்தது. நாளைக்கு பஜனை, நீதானே வந்து சொல்கிறேன் என்றாய், வா என்றாள். வைத்துவிட்டாள்.

அரை நாள் லீவு போட்டேன். ரயிலில் வரும்போதே என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டேன். முட்டை வேகும் கதையைச் சொல்லலாம், கருடன் கதையைச் சொல்லலாம். எவளாவது பாவம் என்று உச்சுக்கொட்டினால் என்ன திருப்பிக் கொடுப்பது என்பதுவரை தயாராக இருந்தேன். உண்மையில் ஒரு சண்டைக்கு ஆசைப்பட்டே போனேன்.

செம்பூரில் ஒரு மாமியின் வீட்டு ஹால். ஜமக்காளத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். அம்மா சுவரோரம், மடியில் அதே பை. என்னைப் பார்த்துப் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை, நானே போய் உட்கார்ந்தேன். மங்களம் முடிந்தது. சுண்டல் வந்தது. வீட்டுக்கார மாமி அம்மாவின் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும் ரகசியக் குரலில், கட்டியாச்சோ என்றாள். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

எனக்கு முன்னால் அம்மா பேசினாள்.

"கட்டலை. என் பொண்ணு வேண்டாம்னுட்டா."

யாரோ ஐயோ பாவம் என்றார்கள். இன்னொருத்தி, மனசைத் தளர விடாதேள், அடுத்து எங்கே போறதா உத்தேசம் என்று கேட்டாள். அம்மா அவளை நேராகப் பார்த்தாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருந்தாள், எனக்குத் தெரியும்.

"எங்கேயும் போறதா இல்லை. அவாத்துலே ரெண்டு பேர் இருக்கா. அதுவும் குடும்பம்தான். இனிமே யாரும் என்கிட்டே அவளைப் பத்திக் கேக்கப்படாது."

சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு தொட்டிலை வெளியே எடுத்தாள். காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டு, இது யாரோடது, வாங்கிக்கோங்கோ என்றாள்.